இரவலும் களவும், குளமும் தாங்கியும்: ஆங்கிலச் சொற்கள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முடிச்சைப் பற்றியவை. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே அகராதியில் இரண்டு, மூன்று ஆங்கிலச் சொற்கள் வரிசையாக நிற்கும்போது அவற்றுள் எதை எடுப்பது என்பதே அந்த முடிச்சு. இடம் போதாமையால் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவற்றுள் ஒன்று மழையில் நனைந்து மை பரவிய நிலையில் கிடைத்ததால் அதன் இரண்டாம் பக்கத்தை ஊகித்தே வாசித்தேன். பிழையாக விளங்கிக்கொண்டிருந்தால் எழுதியவர் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலச் சொற்களை வழமைபோலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கேள்வி: சேர், நான் நாளொன்றுக்குப் பத்து ஆங்கிலச் சொற்களைக் கொப்பியில் எழுதி, எதிரே தமிழ்க் கருத்தையும் எழுதிப் பாடமாக்குகிறேன். 'பொரோ', 'லெண்ட்' என்ற இரண்டுக்கும் எதிரே 'இரவல்' என்றே எழுதியிருக்கிறேன். பரீட்சையில் ஒவ்வொரு முறையும் இரண்டும் மாறிப்போகின்றன. எப்படி நினைவில் வைப்பது?
– தரம் 11 மாணவி, விசுவமடு

பதில்: பிழை உங்கள் நினைவாற்றலில் இல்லை, பிள்ளை, கொப்பியின் வலப்பக்கத்தில் இருக்கிறது. 'இரவல்' என்பது தமிழில் தனியே நின்று வேலை செய்யும் சொல் அன்று. வாங்குதல், கொடுத்தல் என்ற இரண்டில் ஒன்றைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் அது வாக்கியத்துக்குள் நுழைகிறது. அயல்வீட்டில் மண்வெட்டியை இரவல் வாங்குகிறோம். அயல்வீட்டார் இரவல் கொடுக்கிறார்கள். பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தமிழ் அந்தத் துணைச்சொல்லில் காட்டுகிறது. ஆங்கிலமோ அதே திசையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. நீங்கள் துணைச்சொல்லை விட்டுவிட்டு 'இரவல்' என்பதை மட்டும் எழுதியபோது, இரண்டையும் வேறுபடுத்தும் ஒரே அடையாளத்தை அழித்துவிட்டீர்கள். அழித்ததை எத்தனை தரம் பாடமாக்கினாலும் அது திரும்பி வராது.

இன்றே அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். 'பொரோ' என்பதற்கு எதிரே 'இரவல் வாங்கு' என்றும், 'லெண்ட்' என்பதற்கு எதிரே 'இரவல் கொடு' என்றும் எழுதுங்கள். அத்துடன் நில்லாமல், அந்தச் சொல்லின் பின்னால் வழமையாக வரும் சிறு சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவர் ஒருவரிடமிருந்து வாங்குவதால் 'பொரோ' 'ஃப்ரொம்' என்பதோடு வரும்; கொடுப்பவர் ஒருவருக்குக் கொடுப்பதால் 'லெண்ட்' 'டு' என்பதோடு வரும். பிறகு உங்கள் வளவில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள். 'ஐ பொரோட் எ மமோட்டி ஃப்ரொம் மை அங்கிள்' என்று ஒருமுறை எழுதிய பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாற மாட்டாள். மாமாவின் வேலியோரம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த 'மமோட்டி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நமது மண்வெட்டியேதான். இலங்கை ஆங்கிலத்தில் தாராளமாக வழங்குகிறது. இங்கிலாந்தில் ஒரு கடைக்குப் போய்க் கேட்டால் விற்பவருக்கு விளங்காது, அங்கே 'ஹோ' என்பதுதான் கிட்டிய சொல். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி ஆகியவற்றையும் ஆங்கிலம் நம்மிடம் இரவல் வாங்கிக்கொண்டுதான் போனது. இன்னும் திருப்பித் தரவில்லை.

எடுத்த பொருளுக்குக் கூலியாகப் பணம் கைமாறினால் 'பொரோ' பொருந்தாது. உழவு இயந்திரத்தை ஏக்கர் கணக்கில் பேசி எடுத்தால் 'ஹயர்'. கிளிநொச்சி நகரில் மாதக் கூலிக்கு வீடு எடுத்தால் 'ரென்ட்'. வயலை உறுதி எழுதிக் குத்தகைக்கு எடுத்தால் 'லீஸ்'. அமெரிக்கர் உழவு இயந்திரத்துக்கும் 'ரென்ட்' என்பார்கள். நமது பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கைத் தழுவியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ரென்ட்', 'லீஸ்' என்ற இரண்டும் எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் பொதுவானவை. வீட்டுக்காரரும் 'ரென்ட்' பண்ணலாம், குடியிருப்பவரும் 'ரென்ட்' பண்ணலாம். இங்கே ஆங்கிலமும் நமது 'இரவல்' போலவே நடந்துகொள்கிறது. 'ஃப்ரொம்', 'டு', 'அவுட்' ஆகிய சிறு சொற்கள் வந்துதான் திசையைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தச் சிறு சொற்களைச் சில்லறை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சந்தைக்கு வெளியே நிறுத்திய என் சைக்கிள் களவு போய்விட்டது. முறைப்பாட்டின் ஆங்கிலப் பிரதியில் 'மை பைசிக்கிள் வொஸ் ரொப்ட்' என்று எழுதினேன். மருமகன் பிழை என்கிறான்.
– பரந்தன் வாசகர்

பதில்: மருமகன் சொல்வது சரி. 'ஸ்டீல்' என்பது களவு போன பொருளைப் பிடித்துக்கொள்ளும். 'ரொப்' என்பது பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ பிடித்துக்கொள்ளும். சைக்கிள் 'ஸ்டோலன்', நீங்கள் 'ரொப்ட்'. ஆனால் உங்கள் விடயத்தில் நீங்களும் 'ரொப்ட்' ஆகவில்லை, ஏனெனில் யாரும் உங்களை மறித்து மிரட்டிப் பறிக்கவில்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையும் களவையும் கொள்ளையையும் வெவ்வேறு குற்றங்களாகவே வைத்திருக்கிறது. முறைப்பாட்டில் சொல் மாறினால் குற்றமே மாறித் தோன்றும். 'மை பைசிக்கிள் வொஸ் ஸ்டோலன்' என்று திருத்திக் கொடுங்கள். சைக்கிளும் கிடைக்கட்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் கமக்காரர் அமைப்பின் சார்பில் இரணைமடுக் குளத்து நீர்ப்பங்கீடு பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தயாரித்தோம். குளம் என்பதற்கு ஒருவர் 'பொண்ட்' என்று எழுதினார், இன்னொருவர் 'லேக்' என்றார், நான் 'டாங்க்' என்றேன். வந்திருந்த வெளிநாட்டு அலுவலர் 'டாங்க்' என்ற சொல்லைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். எது சரி?
– செயலாளர், கமக்காரர் அமைப்பு, முரசுமோட்டை

பதில்: நீங்கள் எழுதியதே சரி; அவர் புருவத்தை உயர்த்தியதும் நியாயமே. அவருடைய நாட்டில் 'டாங்க்' என்றால் கூரைக்கு மேலே இருக்கும் நீர்த்தாங்கி, அல்லது யுத்தத்தில் வரும் டாங்கி. அந்த இரண்டையும் வன்னியில் வாழ்ந்த நமக்கு விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சியில் போரின்போது விழுத்தப்பட்டு, பின்னர் ஏ9 வீதியோரத்தில் காட்சிப்பொருளாகக் கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கியும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்றே சொல்லப்பட்டது. குளம், தாங்கி, டாங்கி என்று நாம் மூன்று சொற்களால் பிரித்து வைத்திருப்பவற்றை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. எப்போதும் ஆங்கிலமே நுட்பமாகப் பிரிக்கிறது, தமிழ் ஒன்றாகக் குழைக்கிறது என்று எண்ணுபவர்கள் இந்த ஓர் இடத்தையாவது பார்க்க வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தால் மூத்தவர் குளம்தான். நீர்நிலையைக் குறித்து இந்தியாவின் மேற்குக் கரை மொழிகளிலும் போர்த்துக்கேய மொழியிலும் வழங்கிய ஒத்த சொற்களோடு இந்த 'டாங்க்' தொடர்புடையது. தென்னாசியாவின் ஆங்கிலத்தில் அது நீண்ட காலமாகப் பாசனக் குளத்தையே குறித்து வருகிறது. யுத்த வாகனம் மிகவும் பிந்தியது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அந்த வாகனத்தை இரகசியமாகச் செய்தபோது, எதிரிக்குச் சந்தேகம் வராதிருக்க ஏதோ தண்ணீர்த்தாங்கி செய்வதுபோலப் பெயர் வைத்தார்கள். 1916 செப்டெம்பரில் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முறையாக இறங்கிய பிறகும் அந்தப் பொய்ப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இலங்கையின் அரச ஆங்கிலத்தில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாமே 'டாங்க்'தான். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு ஆங்கிலத்தில் 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று பெயர். ஆகவே திணைக்களத்துக்கு எழுதும்போது 'டாங்க்' என்பதை மாற்ற வேண்டாம். வெளிநாட்டாருக்கு எழுதும்போது முதல் வரியில் மட்டும் 'இரிகேஷன் டாங்க்' என்று ஓர் அடைமொழி சேர்த்துவிட்டால் புருவம் இறங்கிவிடும். 'பொண்ட்' என்பது கோவில் கேணியைவிடச் சற்றுப் பெரிய குட்டை. இரணைமடுவை அப்படிச் சொல்வது அதை அவமதிப்பதாகும். 'லேக்' என்றால் கேட்பவர் இயற்கையாக அமைந்த ஏரி என்று நினைத்துக்கொள்வார், கட்டு, துருசு, வாய்க்கால் ஒன்றும் அவர் மனத்தில் தோன்றாது. 1807 இல் மனிதர் வெட்டிக் கட்டியதாயினும் கண்டியிலுள்ளதை 'லேக்' என்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அது பெயராக நிலைத்துவிட்டது, பெயரோடு வாதாட முடியாது. ஆற்றை மறித்துப் பேரணை கட்டிய விக்ரோரியா போன்றவை 'ரிசேர்வொயர்'. நந்திக்கடலின் பெயரில் கடல் இருந்தாலும் அது 'சீ' அன்று, 'லகூன்'.

அறிக்கையில் வேறு இரண்டு சொற்களையும் கவனியுங்கள். குளக்கட்டு 'பண்ட்', அதை 'டாம்' என்று எழுதினால் பெருங் கொங்கிரீட் சுவர் ஒன்று கண்முன் வந்துவிடும். துருசும் வானும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும், எழுதிய இளைஞருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டையும் 'கேட்' என்றே எழுதியிருக்கிறார். வயலுக்கு நீர் விடுவது துருசு, அது 'ஸ்லூஸ்'. நிறைந்த குளம் தன் மிகைநீரைக் கழிப்பது வான், அது 'ஸ்பில்'. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது வான்கதவுகள் திறக்கப்பட்டதைத் துருசு திறந்ததாக வாசிப்பவர், வெள்ள நேரத்தில் ஏன் பயிருக்கு நீர் பாய்ச்சினீர்கள் என்று கேட்பார். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பில் வானை ஆகாயமாக்கி 'ஸ்கை' என்று போட்டுத் தந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் மகனைத் தேடும் ஒரு தாய்க்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். 'மிஸ்ஸிங்', 'லொஸ்ட்', 'டிஸப்பியர்ட்' மூன்றுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே கருத்துத்தான் இருக்கிறது. எதை எழுதுவது? 2009 இல் முகாமில் இருந்ததை 'ரெஃபியூஜி' என்று எழுதலாமா?
– பட்டதாரி, முல்லைத்தீவு

பதில்: தங்கைக்கு, இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பிழையான விடை எழுதியவன். மீள்குடியேறிய காலத்தில் ஒரு தாய் என்னிடம் வந்து, "பிள்ளையைத் தொலைச்சுப்போட்டன் சேர், எழுதித் தாங்கோ" என்றார். தொலைத்தல் என்றால் 'லொஸ்ட்' என்று என் கை தானாக எழுதிவிட்டது. சில வாரங்களில் ஒரு வெளிநாட்டு அமைப்பிடமிருந்து பதில் வந்தது. அந்த அம்மா கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து தந்தார். தங்கள் மகனின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்று முதல் வரியில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து வாசித்தேன். அன்றிரவே இரண்டாவது கடிதத்தை எழுதினேன்.

எழுதியவர்கள் மீது குற்றமில்லை. ஆங்கிலத்தில் குடையையோ சாவியையோ 'லொஸ்ட்' என்றால் தொலைத்தோம் என்று பொருள்; ஓர் ஆளை, அதிலும் மகனை, கணவனை 'லொஸ்ட்' என்றால் இறந்துபோனார் என்பதைப் பக்குவமாகச் சொல்வதாகப் பொருள். தமிழில் 'இழந்துவிட்டோம்' என்பதும் அப்படித்தான். 'தொலைத்துவிட்டோம்' என்பது அப்படியல்ல. அகராதி இந்த வேறுபாட்டைக் காட்டாது. சொல்லுக்கு அருகில் பொருள் நிற்கிறதா, ஆள் நிற்கிறாரா என்று பார்த்தால் மட்டுமே தெரியும்.

'மிஸ்ஸிங்' என்பது ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. உயிரோடு இருக்கிறாரா, யார் கொண்டுபோனார்கள் என்பவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. காணாமற்போனோர் என்பது அதற்கு நேர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இந்தச் சொல்தான். 'டிஸப்பியர்' என்பது வழமையான ஆங்கிலத்தில் தானாக மறைந்துபோவதைக் குறிக்கும். அதற்குச் செயப்பாட்டு வடிவம் இருக்கவில்லை. ஆர்ஜென்டீனா முதலிய நாடுகளில் 1970களில் அரசுகள் ஆட்களைக் கொண்டுபோய் மறைத்தபோது, ஸ்பானிய மொழியில் அவர்களைக் குறிக்க வழங்கிய சொல்லின் தாக்கத்தால்தான் 'வொஸ் டிஸப்பியர்ட்' என்ற, இலக்கணக்காரர் முகம் சுளித்த தொடர் ஆங்கிலத்தில் ஊன்றியது. பின்னர் 'என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்' என்பது 2006 இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் பெயரிலும், அதற்கு இணங்க இலங்கை 2018 இல் இயற்றிய 5 ஆம் இலக்கச் சட்டத்திலும் சட்டச்சொல்லாக இடம்பெற்றது.

தமிழில் நடந்ததும் இதுவேதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், 'காணாமல் போனோர்' என்று சொல்லாமல் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்வதில் உறுதியாக இருக்கிறார்கள். 'போனோர்' என்றால் தாமாகப் போனவர்கள்; 'ஆக்கப்பட்டோர்' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு துணைவினை இவ்வளவு பாரத்தைச் சுமப்பதை நான் எந்த இலக்கணப் பாடத்திலும் காணவில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் கேட்டு எழுதுங்கள். மகன் கையளிக்கப்பட்டதை அல்லது பிடித்துச் செல்லப்பட்டதை அவரோ வேறொருவரோ கண்டிருந்தால், எங்கே, எந்தத் திகதியில், யாரிடம் என்பதை முதலில் எழுதிவிட்டு 'ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட்' என்ற தொடரைப் பயன்படுத்துங்கள். நெரிசலில் கை விடுபட்டுப் பிறகு காணவில்லை என்றால் 'மிஸ்ஸிங்' என்பதே உண்மைக்குக் கிட்டியது. 'லொஸ்ட்' என்பதை எங்கேயும் எழுதாதீர்கள்.

'ரெஃபியூஜி' பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. நாம் எல்லோரையும் அகதி என்போம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி நாட்டின் எல்லையைக் கடந்தவரே 'ரெஃபியூஜி'. படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனவர் 'ரெஃபியூஜி'. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர், முட்கம்பிக்குள் இருந்தாலும், 'இன்டேர்னலி டிஸ்பிளேஸ்ட்'. அந்தத் தாயின் கடிதத்தில் இரண்டாவதை எழுதுங்கள்.

கேள்வி: சென்ற இதழில் 'அன்டில்' என்றால் 'வரை', 'பை' என்றால் 'க்குள்' என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி 'பை த்ரீ டேய்ஸ்' என்று ஒரு விண்ணப்பக் கடிதத்தில் எழுதினேன். பிழை என்று சொல்லிவிட்டார்கள். மேலும், 2015 இலிருந்து ஒரு கடையில் வேலை செய்கிறேன் என்பதற்கு 'ஃப்ரொம் 2015' போடலாமா?
– மல்லாவி வாசகர்

பதில்: குற்றம் என்னுடையது, தம்பி. பாதியை எழுதிவிட்டு முழுமையென விட்டுவிட்டேன். தமிழில் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றும் சொல்கிறோம், 'மூன்று நாளுக்குள்' என்றும் சொல்கிறோம். ஒரே உருபு இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் முன்னது ஒரு நாள், காலக்கோட்டில் ஒரு புள்ளி, ஆகவே 'பை ஃப்ரைடே'; பின்னது ஒரு நீளம், ஆகவே 'விதின் த்ரீ டேய்ஸ்'. 'இன் த்ரீ டேய்ஸ்' என்று எழுதினால் இன்னும் மூன்று நாளில், அதாவது மூன்று நாள் கழித்து என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்வியிலும் இதே புள்ளியும் நீளமும்தான் ஒளிந்திருக்கின்றன. தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ் 2015'. எத்தனை ஆண்டுகள் என்று சொன்னால் 'ஃபோர்'. 'இலிருந்து' என்ற நமது உருபு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும் 'ஃப்ரொம்', முன்பு தொடங்கி இன்றும் தொடரும் வேலைக்குப் பொருந்தாது. 'ஃப்ரொம் 2015 டு 2019' என்றால் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நீங்கள் இன்னும் அந்தக் கடையில்தானே நிற்கிறீர்கள்? ஆகவே 'ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2015' என்று எழுதுங்கள். 'ஐ ஆம் வேர்க்கிங் சின்ஸ் 2015' என்பது நமது 'வேலை செய்கிறேன்' என்பதை அப்படியே தூக்கி வைத்தது, அதைத் தவிருங்கள்.

திருத்திய விண்ணப்பம் மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இதழ் கைக்கு வரும்போது காலம் கடந்துவிடும் என்பதால், திருத்திய பிரதியை உங்கள் விலாசத்துக்குத் தனியே தபாலில் சேர்த்திருக்கிறேன்.